வெடிப்பை மறைக்க வாங்கிய கலம்காரி

இலங்கை மலையகத்தில், பூனாகலையில் நாங்கள் கட்டிய புது வீட்டின் ஹால் சுவரில் ஒரு மெல்லிய வெடிப்பு. அதை மறைக்கத்தான் இந்தியாவிலிருந்து பெரிய கலம்காரி ஓவியத் துணி ஒன்றை வரவழைத்தேன்.

இன்று காலை அதற்குச் சட்டம் அடிக்க, தச்சுவேலை செய்யும் ராஜு அண்ணன் வந்தார். சுவரைப் பார்த்ததும் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டார்.

"டீச்சர், இது எப்ப இருந்து இருக்கு?"

"போன மாச மழையில வந்துச்சு. துணிய மாட்டினா தெரியாது அண்ணே."

அவர் வெடிப்பின் நுனியில் பென்சிலால் ஒரு கோடு போட்டுவிட்டு, துணிக்கான சட்டத்தை இழைக்கப் போய்விட்டார்.

மழை விடவே இல்லை. பகல் சாப்பாட்டுக்குப் பிறகு பார்த்தோம். வெடிப்பு கோட்டைத் தாண்டி ஒரு விரல் நீளம் போயிருந்தது. வீட்டுக்குப் பின்னால் மண்மேடும் பிளந்திருந்தது.

"மண்ணு சரியப் போகுது, பிள்ளையத் தூக்கிட்டு எறங்குங்க டீச்சர். சாமானெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்."

மகளைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன். கீழே தோட்டத் தொழிலாளர் லயத்து ஆட்களைக் கூப்பிட்டு வெளியேற்ற அவர் ஓடினார்.

இப்போது எல்லோரும் பத்திரம். நாங்கள் பதுளையில், அக்கா வீட்டில். வந்ததிலிருந்து அவள் வீட்டுச் சுவர்களைத் தடவித் தடவிப் பார்க்கிறேன். அவளுக்குக் கோபம். இப்படிப் பார்ப்பது நான் மட்டும்தானா, சொல்லுங்கள்?