நடந்துபோன கூரை

ஒரு கூரை நடந்து போவதை அதன் கீழே படுத்தபடி பார்த்திருக்கிறேன். கயிற்றுக்கட்டிலில் நான். தலைக்கு மேலே தென்னங்கீற்று, அதில் செருகிய என் சீப்பு, கட்டித் தொங்கவிட்ட வெங்காயக் கொத்து. எல்லாம் ஆடி ஆடி என்கூடவே வந்தன. சொன்னால் மகள் சிரிப்பாள். அவள் பிறந்த கதைதான் அது. சிரிக்கட்டும்.

எழுபதுகளின் கடைசி. சுருளிப்பட்டிக்குக் கீழே ஆற்றோரத் தோட்டத்தில் எங்கள் குடிசை. நாலு மூங்கில் கால், மேலே கூரை, சுற்றிலும் தட்டி, அவ்வளவுதான். ஐப்பசி அடைமழை மூன்று நாளாக விடவில்லை. எனக்கு இடுப்புவலி கண்ட அன்று பார்த்து ஆறு தோட்டத்துக்குள் வந்துவிட்டது. முதல் பிள்ளையைப் பறிகொடுத்தவள் நான். இதுவும் போய்விடுமோ என்று வாய்விட்டு அழுதேன். பிரசவம் பார்க்க வந்திருந்தவர் மிஷன் ஆஸ்பத்திரி சிஸ்டரம்மா. பிலிப்பைன்ஸ் தீவுக்காரர். வந்த நாளிலிருந்து கூரைக்குக் கயிறு கட்டுங்கள், கயிறு கட்டுங்கள் என்று ஊரை நச்சரித்தவர். இரண்டு பக்கமும் மலை நிற்கிற ஊரில் புயலுக்குப் பயப்படுகிறாரே என்று கேலி பேசுவோம்.

கட்டில் கால் முங்கிவிட்டது. ஊர்ப்பாதையும் வெள்ளத்தில் போய்விட்டது. மிச்சமிருந்தது அம்மன் பீடம் இருக்கிற மேடு மட்டும். அங்கே நிழலுக்குக்கூட ஒரு கீற்று கிடையாது. கொட்டுகிற மழையில் பிள்ளையை எங்கே பெறுவது?

"எங்க ஊருல வெள்ளம் வந்தா வீட்டையே தூக்குவோம். எல்லாரும் வருவாங்க. கம்பு குடுங்க" என்றார் சிஸ்டரம்மா.

பீடத்தின் பின்னால் சப்பரக் கம்புகள் இருந்தன. அம்மனைத் தவிர எதையும் சுமக்காத கம்புகள். உதவிக்கு ஓடி வந்த தோட்டக்காரர்கள், கூடவே வந்திருந்த பூசாரியின் முகத்தையே பார்த்தார்கள்.

"ஏலே, ஆத்தா கோவிச்சா எங்கிட்டக் கோவிக்கட்டும். புள்ளத்தாச்சி நனையுதுல்ல, கம்ப அவுத்துட்டு வாங்க!" என்று சத்தம் போட்டார் பூசாரி.

மூங்கில் கால்களைப் பிடுங்கி, கம்புகளைக் குறுக்கே கட்டி, பன்னிரண்டு பேர் தோள் கொடுத்தார்கள். கட்டிலை நாலு பெண்கள் தூக்கினார்கள். சப்பரம் தூக்கிப் பழகிய தோள்கள் அல்லவா, ஓரடி பிசகவில்லை. கட்டிலும் கூரையும் சேர்ந்தே நடந்தன. கீழே தண்ணீரின் சலசலப்பு, மேலே மழை, நடுவில் நான். சிஸ்டரம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு தன் மொழியில் ஏதோ பாடியபடி வந்தார். வலி வேறு யாருக்கோ வருவதுபோல் இருந்தது. மேட்டில் கூரையை இறக்கிய கொஞ்ச நேரத்தில் மகள் பிறந்தாள்.

மறுவருஷம் சிஸ்டரம்மா தன் தீவுக்கே போய்விட்டார். டிவியில் அந்தப் பக்கத்துப் புயலைக் காட்டும்போதெல்லாம் ஒரு வெள்ளை உடுப்பைத் தேடுகிறேன். பைத்தியக்காரிதான் நான்.

இப்போது மழைக்கு மாதம் தெரியவில்லை. ஐப்பசி காய்கிறது, மாசியில் கொட்டுகிறது. போன வருஷம் கம்பம் டவுனில் மகள் குடியிருக்கும் தெருவுக்குள் வாய்க்கால் புகுந்தது. அவளுடையது கான்கிரீட் மாடி வீடு. நானும் அன்று அங்கேதான் இருந்தேன்.

"இத யாரு தூக்க?" என்றேன்.

"தூக்க வேணாம்மா" என்றவள் முழங்கால் தண்ணீரில் இறங்கிப் போனாள். வீடு வீடாகக் கதவைத் தட்டி, தெருவையே மாடிக்குக் கூட்டி வந்துவிட்டாள். கைக்குழந்தைகள், கோழிகள், ஒரு தையல் மிஷின்கூட வந்தது. ஈரத்தோடு தோளோடு தோள் ஒட்டி எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். நான் கட்டிலில் சாய்ந்து மேலே கான்கிரீட்டைப் பார்த்தேன்.

கூரை நடந்துகொண்டிருந்தது.