இத்தா வீட்டில் முடித்த உறுதி

இன்று காலை ஒருவர் தன் கைத்தொலைபேசியை என் மேசையில் சாய்த்து வைத்தார். கத்தாரிலிருந்து அவருடைய தம்பி வீடியோவில் சிரித்தார். "மொகம் தெரியிதுதானே சேர், காணி உறுதிய முடிச்சிருவமே?" என்றார் வந்தவர். எழுதிக்கொடுப்பவர் நேரில் வந்து ஒப்பமிடாமல் உறுதிப் பத்திரத்தை முடிக்கமாட்டேன் என்றதும் அவருக்குக் கோபம். எனக்கோ சாம்பிராணி வாசம் ஞாபகம் வந்தது.

சாம்பிராணிக்கும் உறுதி எழுதும் நொத்தாரிசு வேலைக்கும் என்ன சம்பந்தம் என்பீர்கள். நான் சட்டத்தரணியாகி இரண்டாம் வருடம். கல்முனையில் தொங்கிய என் பெயர்ப்பலகை என் அனுபவத்தைவிடப் பெரியது. கணவர் மௌத்தாகி, இத்தா என்ற நாலு மாதம் பத்து நாள் துக்கத் தனிமையில் இருந்த ஓர் உம்மா, இளைய மகளுக்கு வீட்டை எழுத அழைத்திருந்தார். எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு எழுதாமல் கலியாணம் ஓரடி நகராது. மாப்பிள்ளைக்கு வெளிநாட்டுப் பயணம் நெருங்கிவிட்டது. இத்தா முடிய இன்னும் மூன்று மாதம். அதுவரை அந்நிய ஆண் அவரைப் பார்க்கக்கூடாது. திரைக்கு இந்தப் பக்கம் நான் இருந்தேன்; அவர் குரல் மட்டும் கேட்டது. மகள் உறுதியை உள்ளே கொண்டுபோனாள். சாம்பிராணிப் புகையோடு கையொப்பமும் வெளியே வந்தது. "என் முன்னிலையில் ஒப்பமிட்டார்" என்று கூசாமல் எழுதினேன். தின்னக் கொடுத்த இனிப்பு வட்டிலப்பத்தையும் விடவில்லை.

அந்த உம்மாவின் மூத்த மருமகன், ஒப்பமிட்டதை நான் காணவே இல்லையென்று முறைப்பாடு போட்டார். கொழும்பில் விசாரணை, கறுப்புக் கோட்டே பறிபோகலாம் என்றார்கள். எனக்குத் தொழில் பழக்கிய சீனியர், "கண்டன் எண்டு ஒரு சொல்லுச் சொல்லிரு தம்பி. திரைக்குள்ள ஆரு வந்து பார்த்த?" என்றார். அன்பில் சொன்னதுதான். பஸ்ஸில் வழிநெடுக "கண்டேன், கண்டேன்" என்று பாடமாக்கினேன். விசாரணையில் கேட்டபோது வாயில் வந்ததென்னவோ "இல்லை." பயமா, நேர்மையா, இன்றும் தெரியாது.

ஆறு மாதம் தொழில் செய்யத் தடை. வாப்பா சாகாமத்து வயலுக்குக் கூட்டிப்போனார். வரம்பு வெட்டிக் கை கொப்பளித்தது. ஆனால் நித்திரை நன்றாக வந்தது. மனம் அவ்வளவு லேசாக இருந்தது.

தடை முடிந்து கதவைத் திறந்த அன்று முற்பகல், முன்பின் தெரியாத ஒரு பெண் வந்து எதிரே அமர்ந்தார். குரலைக் கேட்டபிறகே ஆளைத் தெரிந்தது.

"என்னால நீ வெக்கப்பட்டுப் போனாய் மனே. மாப்புள லீவுல வாறார். பழைய உறுதி செல்லாமப் போச்சு, புதிசா எழுது. இப்ப என்ட மொகத்த நல்லாப் பாரு, புறகு எழுது."

பார்த்தேன். வெற்றிலைக் காவி ஏறிய உதடு, இடது புருவத்தில் சின்னத் தழும்பு. அவர் ஒப்பமிட்டு முடிக்கும்வரை கண்ணை எடுக்கவில்லை.

போன நோன்புக்கு முன் அவர் மௌத்தாகிவிட்டார். ஜனாஸா அடக்கத்துக்குப் போனேன். மௌத்தான பெண்ணின் முகத்தை அந்நிய ஆண்களுக்குக் காட்டமாட்டார்கள். வாசலில் நின்று அவருக்காக இறைவனிடம் துஆக் கேட்டுவிட்டு வந்தேன். அந்த முகத்தை நான் பார்த்தது அந்த ஒரு முற்பகல்தான்.