சுக்கான்காரியின் கண்கட்டி

தீவுகளுக்கிடையே படகுப் பந்தயம் நடக்கும் ஓலாவ்ஸோக்கா திருவிழா வாரத்தில் ரான்வாவின் வலது மேலிமையில் கண்கட்டி வந்தது. காலையில் லேசான உறுத்தல். மாலைக்குள் பட்டாணி அளவுக்குச் சிவந்து வீங்கி, பாதிக் கண்ணை மூடிவிட்டது.

வேறு யாருக்காவது வந்திருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள். ரான்வா, கிளாக்ஸ்விக் ஊர்ப் பெண்கள் படகின் சுக்கான்காரி. துடுப்புப் போடும் ஆறு பேரும் போகும் திசைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்காருகிறவர்கள். முன்னால் இருக்கும் கடலைப் பார்ப்பது அவள் ஒருத்திதான்.

அவளும் ஒரு காலத்தில் துடுப்புப் போட்டவள்தான். மீன் தொழிற்சாலையில் வழுக்கி விழுந்து தோள்பட்டை விலகியதோடு அது முடிந்தது. வீட்டில் உட்காரச் சொன்னார்கள். அவள் போய்ப் படகின் பின்முனையில் உட்கார்ந்துகொண்டாள். அன்றிலிருந்து வருஷா வருஷம் தெற்குத் தீவுக்காரிகளிடம் மயிரிழையில் தோல்வி.

"உன் மூஞ்சியைப் பார்த்துக்கிட்டே எப்படிடி துடுப்புப் போடுறது? சிரிப்பு வருது" என்றாள் முன்னணித் துடுப்புக்காரி யோருன். அவளே தன் கல்யாண மோதிரத்தைக் கழற்றினாள். "தங்கத்தை வச்சுத் தேய்ச்சா அமுங்கிடும். இல்லைன்னா ஒரு ஊசி குடு, நானே குத்தி விடுறேன்."

"கையை எடுடி! மீன் குத்துற கையால என் கண்ணையா குத்துவ?"

மருந்தகத்துச் செவிலி எல்ஸ்பா இமையைத் தூக்கிப் பார்த்தாள். "பிதுக்காதீங்க, குத்தாதீங்க. சுத்தமான துணியை வெந்நீர்ல நனைச்சு, சூடு பொறுக்குற அளவுக்கு ஒத்தடம் குடுங்க. அடிக்கடி குடுக்கணும். கண்ணுக்கு மை வேண்டாம். அதுவே உடையும்."

"சனிக்கிழமை பந்தயத்துக்குள்ள உடையுமா?"

"அதைக் கண்கட்டிகிட்டதான் கேக்கணும்."

ரான்வா வெந்நீர்க் குடுவையும் கையுமாக அலைந்தாள். தொழிற்சாலை இடைவேளையில் மற்றவர்கள் காபி குடிக்க, அவள் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு ஒத்தடம் கொடுத்தாள். அரிப்பு உயிரை எடுத்தது. விரலை இமைப்பக்கம் கொண்டுபோகவில்லை. வேறு ஆளை உட்கார வைக்கலாமா என்று யோருன் மெல்ல ஆரம்பித்தபோது, "இன்னொரு கண் சும்மாவா இருக்கு?" என்று வாயை அடைத்தாள்.

பந்தயத்தன்று காலை, அது நடக்கும் தோர்ஸ்ஹவுன் துறைமுகத்துப் படகுக் கொட்டகையில் ஒத்தடத் துணியை எடுத்தபோது அதில் மஞ்சளாகச் சீழ் இருந்தது. உடைந்துவிட்டது! வீக்கம் முழுதாக வடியவில்லை. ஆனால் கண் திறந்தது. துறைமுகத்தின் அக்கரை தெளிவாகத் தெரிந்தது.

கிளம்பியதும் தெற்குத் தீவுப் படகுதான் முந்தியது. பாதித் தூரத்தில், முன்னால் நீர் கருத்துச் சுருங்கி வருவதை ரான்வா கண்டாள். பக்கக் காற்று. அது வந்து மோதுமுன்பே சுக்கானைக் கடுகளவு திருப்பிப் பிடித்தாள். பக்கத்துப் படகு தடுமாறி விலகியது. இவர்களுடையது நூல் பிடித்தாற்போல் போனது.

"இப்ப இழுங்கடி! உசுரைக் குடுத்து இழுங்க!"

இழுத்தார்கள். எதிராளிகள் ஒவ்வொருத்தியாகத் தன் பார்வைக்குள் பின்தங்கி வருவதை யோருன் கண்டாள். சிரிப்பும் அழுகையுமாக, "எல்லாரும் பின்னால இருக்காளுங்க ரான்வா!" என்று கத்தினாள். கோட்டைத் தாண்டியபோது அரைப் படகு நீளம் இவர்கள் முன்னால்.

கரையில் ஜனம் ஆர்ப்பரித்தது. பத்திரிகைக்காரன் கேமராவைத் தூக்கிவிட்டுத் தயங்கினான். "அக்கா, கொஞ்சம் அந்தப் பக்கமாத் திரும்புறீங்களா? வீக்கம் தெரியாது."

ரான்வா அசையவில்லை. "நேரா எடு தம்பி. ஜெயிச்ச மூஞ்சி இதுதான்."