ஆயிரத்து நானூறு வருடத் தாவல்

இறையியல் கல்லூரியில் தாவல் சார் ஆதித் திருச்சபை வரலாற்றுக்கு ஆசிரியரான கதை ரொம்பச் சின்னது. பாடங்களைப் பங்குபோட்ட கூட்டத்துக்கு அரை மணி நேரம் தாமதமாகப் போனார். மற்றவர்கள் வேண்டாமென்று தள்ளியது அவர் தலையில் விழுந்தது. கத்தோலிக்கத்திலிருந்து பிரிந்த சீர்திருத்த சபை அறிஞர்களுக்கு அந்தக் காலத்தின்மேல் அவ்வளவு பாசம்.

பதினெட்டு வருடம் ஓட்டினார். அப்போஸ்தலர்கள் மறைந்ததும், "பிறகு சபை கெட்டுப்போனது" என்று ஒரே வரி. அடுத்த வகுப்பில் சீர்திருத்தம். நடுவில் இருந்த ஆயிரத்து நானூறு வருடம் அம்போ. பட்டப்பெயர் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது.

அங்கீகாரக் குழு வகுப்பில் வந்து உட்காரப்போகிறது என்று கடிதம் வந்ததும் நூலகத்துக்கு ஓடினார். கண்ணாடி அலமாரியில் ஆதிச் சபைப் பிதாக்கள் எழுதிய முப்பது தொகுதிகள் ஜம்மென்று நின்றன. முதலாவதைப் பிரித்தால் பிரியவில்லை. பக்கங்களைச் சேர்த்துப் பிடித்திருந்த அச்சக மடிப்பை இதுவரை யாரும் வெட்டவே இல்லை.

"என்ன சார், வழி தவறி வந்துட்டீங்களா?" என்றார் நூலகர் அம்மா.

"கத்தி இருக்காம்மா?"

"பழம் நறுக்குற கத்திதான். யாரைக் குத்தப்போறீங்க?"

மூன்று வாரம் அந்த ஒரு தொகுதியை வெட்டி வெட்டிப் படித்தார். கல்லூரி 'பிற்காலக் கேடு' என்று தள்ளிய ஆயர்கள் இரண்டாம் நூற்றாண்டிலேயே இருந்தார்கள். விசுவாசத்துக்காக உயிர்விட்ட இரத்தசாட்சியின் எலும்புகளைப் பொன்னைவிட மேலாக எண்ணிப் பொறுக்கி வைத்தார்கள். கல்லூரி வாசல் கல்வெட்டோ, 'ஆதிச் சபைக்கே திரும்பினோம்' என்று மார்தட்டிக்கொண்டிருந்தது.

படித்ததை அப்படியே நடத்தினார். குழு தலையாட்டிவிட்டுப் போனது. முதன்முறையாக, மணி அடித்தும் மாணவர்கள் எழுந்திருக்கவில்லை. இந்த வகுப்பை இனி விடக்கூடாது என்று அவருக்குத் தோன்றிய அன்றே நிர்வாகத் தலைவர் கூப்பிட்டார்.

"இதெல்லாம் அந்தக் கத்தோலிக்க சபைக்காரங்க சமாச்சாரம் சார். நமக்கெதுக்கு?"

"நடந்ததுதானேங்க ஐயா."

"நடந்ததையெல்லாம் சொல்லணுமா? பழையபடி தாவிடுங்க. இல்லேன்னா பாடம் வேற ஆளுக்குப் போயிடும். அந்த முப்பதையும் கரைச்சுக் குடிச்சவன் சொல்றேன்."

"மடிப்பை வெட்டாமலேவாங்க ஐயா?"

தலைவரின் முகம் கறுத்தது.

பாடங்களைப் பங்குபோடும் அடுத்த கூட்டத்துக்கு எல்லோரும் முன்னதாகவே வந்துவிட்டார்கள். பாட்டு ஆசிரியர் மட்டும் பஸ்ஸைத் தவறவிட்டார். பாடம் அவருக்குப் போனது.

தாவல் சார் நூலகத்தில் அவரிடம் கத்தியைக் கொடுத்தார். "ஒண்ணு வெட்டியாச்சு. இன்னும் இருபத்தொன்பது இருக்கு."

"அத்தனையும் வெட்டணுமா சார்?"

"கட்டாயமில்லை. வெட்டாம இருந்தா தலைவராகலாம்."