சீட்டில் கேட்காத ஸ்லைடு

மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, கண்ணாடி ஸ்லைடின் ஓரத்தில் ஒரு சொட்டு ரத்தம் வைத்து, இன்னொரு ஸ்லைடால் ஒரே இழுப்பு. அதுவரை மூச்சு விடமாட்டார். யாராவது கூப்பிட்டால் "உஸ்!" இழுத்து முடித்த பிறகுதான் "இப்ப சொல்லுப்பா."

எங்கள் ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவருக்கு ஸ்லைடு அக்கா என்று பெயர். நான் பக்கத்து மேசையில் முடிவுகளைத் தட்டச்சு செய்கிறவன். ரத்த அணுக்களை எண்ண இயந்திரம் வந்து ஏழு வருடமாகிறது. மருத்துவர் சீட்டில் கேட்டால் மட்டும் மைக்ராஸ்கோப்பில் கண்ணால் பார்த்தால் போதும் என்பது விதி. கல்லீரல் மாற்றிய நோயாளி என்றால் அந்த விதி அக்காவின் காதில் ஏறாது. "மிஷின் எண்ணும். மொகம் பாக்காது" என்பார்.

போன வாரம் ஒரு பள்ளி வேன் ஓட்டுநர். தங்கை தன் ஈரலில் பாதியைக் கொடுத்திருந்தாள். அவளுடையது வேறு ரத்த வகை. பொருத்தமான ஆள் கிடைக்காததால் உடம்பு அதை எதிர்க்காமல் தடுக்கும் மருந்துகளை நம்பி மாற்றினார்கள். ஆறாம் நாள் அவருடைய தட்டணுக்கள், அதாவது ரத்தத்தை உறையவைத்துக் கசிவை அடைக்கிற பிளேட்லெட்டுகள், மளமளவென்று இறங்கின. குறைந்ததை வெளியிலிருந்து ஏற்றிவிடுவோம் என்று வார்டில் முடிவாகிவிட்டது. ஏன் குறைந்தது என்று யாரும் கேட்கவில்லை. சீட்டிலும் ஸ்லைடு கேட்கவில்லை.

அக்கா பார்த்தார். வட்டமாக இருக்க வேண்டிய சிவப்பணுக்கள் உடைந்த வளையல் துண்டுகளாகக் கிடந்தன. வார்டுக்குப் போன் போட்டார்.

"டாக்டர், பிளேட்லெட் ஏத்தாதீங்க. உள்ள சின்னச் சின்ன ரத்தக் கொழாயில எல்லாம் ரத்தம் கட்டுது, அதுல மோதித்தான் செவப்பணு ஒடையுது. அதுலதான் பிளேட்லெட் செலவாகுது. இன்னும் ஏத்தினா இன்னும் கட்டும்."

"நாங்க ஸ்லைடு கேட்டமாக்கா? மிஷின் ரிப்போர்ட் வந்தாச்சு, பிளேட்லெட் பையும் வந்தாச்சு." டாக்டர் போனை வைத்துவிட்டார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கேட்காமல் சொன்னால் குற்றமா? இவர்களுக்குச் சீட்டு பெரிதா, ஆள் பெரிதா? அக்காவின் காது மடல் சிவந்துவிட்டது.

"அந்தத் தங்கச்சி வயித்துல தையலோட கெடக்குது. அது குடுத்தத இப்படியா பாத்துக்கறது?"

மைக்ராஸ்கோப்பின் பிளக்கைப் பிடுங்கினார். இரண்டு கையாலும் அதை அணைத்துக்கொண்டு மாடிப்படி ஏறினார். ஸ்லைடை எடுத்துக்கொண்டு நான் பின்னால் ஓடினேன்.

வார்டில் தட்டணுப் பை கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது. குழாயை இணைப்பதுதான் பாக்கி. அக்கா மேசையில் இருந்த காகிதங்களை முழங்கையால் ஒதுக்கி மைக்ராஸ்கோப்பை வைத்து, பிளக்கைச் செருகி, என் கையிலிருந்த ஸ்லைடைப் பொருத்தினார்.

"திட்டறத அப்பறம் திட்டுங்க டாக்டர். ஒரு நிமிஷம் குனிங்க."

போனில் பேசிய இளம் மருத்துவர் எரிச்சலோடு குனிந்தார். கண்ணை எடுக்காமலே நர்ஸ் பக்கம் கையை நீட்டினார்.

"அத மாட்டாதீங்க சிஸ்டர். பெரிய டாக்டரக் கூப்பிடுங்க."

நிமிரப் போனார். அக்கா அவருடைய பின்னந்தலையில் உள்ளங்கையை வைத்து மறுபடி குனிய வைத்து, மற்றக் கையால் ஸ்லைடை அடுத்த இடத்துக்கு நகர்த்தினார்.