போதுங்க பெரிம்மா

எங்கள் பக்கம் விருந்தாளி "போதும்" என்று சொன்னால் அதை யாரும் காதில் வாங்குவதில்லை. மரியாதைக்குச் சொல்கிறார்கள் என்று நினைத்து இன்னும் ஒரு கரண்டி போடுவோம். தட்டின் மேல் கையை வைத்து மறைத்தால் கையை நகர்த்திவிட்டுப் போடுவோம். அப்படிப் போடாமல் விட்டால், "அவ ஊட்டுக்குப் போனோம், கேட்டுக்கூடப் போடல" என்று காங்கேயம் வரைக்கும் பேச்சு போகும். நானும் அப்படி வளர்ந்தவள்தான். கோயம்புத்தூரில் அடுக்குமாடிக்குக் குடிவந்து இத்தனை வருஷமாகியும், கூரியர் கொடுக்க வருகிறவரைக்கூட மோராவது கொடுக்காமல் அனுப்பியதில்லை. இதில் எனக்குக் கொஞ்சம் பெருமை இருந்தது. இந்த மே மாதத்தோடு அந்தப் பெருமை தொலைந்தது.

கோபிசெட்டிபாளையத்திலிருந்து என் சிநேகிதி தன் மகளோடு வந்து எங்கள் வீட்டில் தங்கினாள். காலேஜில் நானும் அவளும் ஹாஸ்டலில் ஒரே அறை. புருஷன் இறந்தபிறகு ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்துக்கொண்டு ஒற்றை ஆளாக அந்தப் பெண்ணை வளர்க்கிறாள். அவள் மகளும் என் மகளும் ஒரே வயது. இரண்டு பேரும் பிளஸ் டூ பரீட்சை எழுதி முடித்திருந்தார்கள், இரண்டு பேரும் பேட்மின்டன் ஆடுகிறவர்கள். இங்கே நடந்த கோடைப் போட்டிக்குத்தான் வந்திருந்தார்கள். இரண்டு பேரும் முன் சுற்றுகளை ஜெயித்து வந்ததில், அரை இறுதியில் என் மகளுக்கு அவள் எதிரே.

சிநேகிதியின் மகளுக்கு அந்த மேட்ச் சும்மா மேட்ச் இல்லை. இங்குள்ள ஒரு காலேஜின் கோச், இறுதி ஆட்டம் வரை வந்துவிட்டால் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் இடமும் ஹாஸ்டலும் வாங்கித் தருவதாகச் சொல்லியிருந்தார். இது கிடைக்காவிட்டால் உள்ளூரில் எதையாவது படித்துக்கொண்டு ஆட்டத்தை மூட்டை கட்ட வேண்டியதுதான். சிநேகிதி வந்த நாளிலிருந்து இதே பேச்சாக இருந்தாள்.

எனக்கு என்ன வந்தது? என் மகளுக்குக் காலேஜ் சீட் முன்பே வாங்கியாயிற்று. ஜெயித்தாலும் தோற்றாலும் அவள் அங்கேதான் போகப்போகிறாள். ஆனால் போன வருஷம் ஈரோட்டில் இவள் அந்தப் பெண்ணிடம் தோற்றபோது என் நாத்தனார் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். "இத்தனை வருசமா கோச்சிங்குக்குக் கொண்டுபோய் உட்டு இவ்வளவுதானுங்களா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். அந்தச் சிரிப்பில் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இந்த வருஷமும் பார்க்க வருகிறேன் என்று போன் செய்திருந்தார். இதுதான் என் காரணம். எழுதும்போதே அசிங்கமாக இருக்கிறது.

மேட்ச் அன்று காலையில் சிநேகிதி தலைக்குக் குளித்துவிட்டுத் தெருமுனைக் கோயிலுக்குக் கிளம்பினாள். போகும்போது, "நான் வர்றதுக்குள்ள அவளுக்கு எதாச்சும் லேசாக் குடுத்துரு புள்ள" என்றாள்.

லேசாக! நானோ விடியலிலேயே எழுந்து எங்கள் ஊர் இடியாப்பமான சந்தகை பிழிந்திருந்தேன். அதற்குத் தேங்காய்ப்பால், நாட்டுக்கோழிக் குழம்பு, இனிப்புக்குப் பருப்பும் வெல்லமும் வைத்த ஒப்புட்டு. விருந்தாளிக்கு என்று ஆசையாகத்தான் செய்தேன், அதில் பொய் இல்லை. அந்தப் பெண் உட்கார்ந்தாள், போட்டேன், சாப்பிட்டாள். மறுபடி போட்டேன், அதையும் சாப்பிட்டாள். மூன்றாவது முறை போகும்போது தட்டின் மேல் கையை விரித்து வைத்துக்கொண்டாள்.

"போதுங்க பெரிம்மா. மேட்சு இருக்குதுங்க."

என் கை நின்றது. மேட்சுக்கு முன்னால் வயிறு நிறையச் சாப்பிடக்கூடாது என்று மகளின் கோச் எனக்கு வருஷக்கணக்காக ஓதியிருக்கிறார். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன். அந்த நிமிஷம் அது எனக்கு நன்றாகவே ஞாபகம் வந்தது. நாத்தனாரின் முகமும் ஞாபகம் வந்தது.

"ஏங்கண்ணு, பெரிம்மா செஞ்சது நல்லால்லீங்களா?" என்று கேட்டேன்.

எங்கள் ஊர்ப் பிள்ளை எதுவும் அந்தக் கேள்விக்குப் பிறகு கையைத் தட்டின் மேல் வைத்திருக்காது. "ஐயோ, சூப்பரா இருக்குதுங்க" என்று பதறிக் கையை எடுத்தாள். நான் சந்தகையைப் போட்டுக் குழம்பை ஊற்றினேன். அதோடு விட்டேனா? பெரிய ஒப்புட்டு ஒன்றை எடுத்து நெய்யை ஊற்றி ஓரத்தில் வைத்தேன். முழுவதையும் தின்றாள். வீணாக்கக்கூடாது என்று அவள் அம்மா சொல்லி வளர்த்திருக்கிறாள். எதிரில் என் மகள் இரண்டு இட்லியும் ஒரு வாழைப்பழமும் சாப்பிட்டுவிட்டு, ஷூவுக்குக் கயிறு கட்டிக்கொண்டே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதல் செட்டை அந்தப் பெண்தான் எடுத்தாள். மண்டபத்துக்குள் மே மாத வெக்கை, காற்று வந்தால் ஷட்டில் திசை மாறும் என்று ஃபேனைக்கூட நிறுத்தியிருந்தார்கள். இரண்டாவது செட் பாதியில் அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். எட்டிப் போய் அடிக்க வேண்டிய ஷட்டிலை நின்ற இடத்திலிருந்தே பார்த்தாள். மூன்றாவது செட்டில் சர்வீஸ் போடப் போனவள் பேட்டைக் கீழே போட்டுவிட்டு ஓரத்துக்கு ஓடிக் குப்பைத் தொட்டியைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாள். அவளைப் பார்க்க வந்திருந்த அந்தக் காலேஜ் கோச் எழுந்து வெளியே போனார்.

"என்னத்தத் தின்னுபோட்டு வந்துச்சோ" என்றார் நாத்தனார்.

அந்தப் பெண் வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்து ஆடினாள், அடுத்த பாயின்ட் என் மகளுக்கு விழுந்தது. நான் கை தட்டினேன். ஆமாம், தட்டினேன். கை தானாகவே தட்டிவிட்டது என்று பல நாள் எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். அப்படியெல்லாம் தானாகத் தட்டாது.

மகள் ஜெயித்தாள். ஜெயித்தவள் என் பக்கம் திரும்பவே இல்லை. வீட்டுக்கு வந்ததும் சமையலறையில் என்னைத் தனியாகப் பிடித்துக் கேட்டாள்: "அவளுக்குப் போட்ட மாதிரி எனக்கு ஏம்மா போடல?"

"பெத்தவளப் பாத்துக் கேக்கற கேள்வியாடி இது? வாய மூடு!" என்று கத்தினேன். எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே வரும், அது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அன்று வந்தது கோபம் இல்லை, பயம். மகளுக்கும் அது தெரிந்துவிட்டது. மறுநாள் இறுதி ஆட்டத்தில் ஏனோதானோவென்று ஆடித் தோற்றுவிட்டு, பேட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்தாள்.

அரை இறுதி முடிந்த அன்று மத்தியானம் ஹாலில் சிநேகிதி தன் மகளைத் திட்டிக் கிழித்துக்கொண்டிருந்தாள். "சோத்தக் கண்டா உடமாட்டியா? மேட்சு நாள்ல இப்படியா திம்பாங்க? உனக்காக நான் எத்தன நாளா சாமி கும்பிட்டேன்!"

"தப்புத்தாம்மா. ருசியா இருந்துச்சு, தெரியாமத் தின்னுபோட்டேன்" என்றாள் அந்தப் பெண், தரையைப் பார்த்துக்கொண்டு.

நான் மோர் டம்ளரோடு நின்றேன். ஒரு வார்த்தை போதும். "போதும்னுதான் சொன்னா, நான்தான் உடல" என்று சொல்லியிருக்கலாம். நான் சொன்னது என்ன தெரியுமா? "உடு புள்ள, சின்னப் பொண்ணு, பாவம்." பெரிய மனுஷி மாதிரி! நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது இப்போது. சிநேகிதியோ என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நீ ஏன் மூஞ்சியத் தொங்கப்போடற? நீ பாசத்துல போட்ட, இவளுக்கு எங்க போச்சு புத்தி?" என்று என்னைத் தேற்றினாள்.

அவர்கள் ஊருக்குப் போன பிறகு, அவள் போன் வந்தாலே எனக்கு எடுக்கப் பயமாக இருக்கும். எடுக்காமலும் இருக்க முடியாது. காலேஜ் சீட் கைவிட்டுப் போயிற்று என்று ஒரு நாள் சொன்னாள். உள்ளூரிலேயே பி.காம். சேர்த்துவிட்டதாக இன்னொரு நாள் சொன்னாள். போன வாரம் அழைத்தபோது குரலே சரியில்லை.

"அன்னைக்குத் திட்டுனதுல இருந்து இவ சோறே சரியாத் திங்கறதில்ல புள்ள. தட்டுல போட்டா பாதியில எந்திரிச்சுப் போயர்றா. நீ சொன்னாக் கேப்பா. ஒரு வார்த்த சொல்லேன்."

இனிமேலும் மறைத்தால் நான் மனுஷியே இல்லை என்று முடிவு செய்தேன். முதலில் அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்பது, அடுத்து அவள் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது. "குடு அவகிட்ட" என்றேன்.

போனை வாங்கிக்கொண்டு அந்தப் பெண் வெளியே போவதும் கதவைச் சாத்துவதும் கேட்டது.

"கண்ணு, அன்னைக்குக் காத்தால பெரிம்மா வேணும்னே..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியுமுங்க பெரிம்மா."

அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அன்னைக்கே தெரியுமுங்க. அம்மாகிட்ட மட்டும் சொல்லீராதீங்க. அப்பா போனதுக்கப்பறம் அம்மா வாய்விட்டுச் சிரிச்சுப் பேசறது உங்ககூட மட்டுந்தானுங்க. அதுவும் இல்லீன்னா அம்மா என்னங்க பண்ணும்?"

"நான் சாப்டுக்கறனுங்க" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்ப் போனை அம்மாவிடம் கொடுத்தாள்.

"என்ன, சாப்படறேன்னுட்டாளே! பாத்தியா, நீ சொன்னாத்தான் கேப்பான்னு எனக்குத் தெரியும்" என்று சிநேகிதி வாய்விட்டுச் சிரித்தாள்.

நானும் சேர்ந்து சிரித்தேன்.