மச்சான் கொண்டுவந்த இரண்டாவது ஹெல்மெட்

கண்ணாடி கீறிப்போன அந்தச் சிவப்பு ஹெல்மெட்டைப் போன ஞாயிற்றுக்கிழமை என் மனைவி பரணிலிருந்து இறக்கினாள். அவளுடைய அண்ணன் எனக்கென்று வாங்கி, தன் ஸ்கூட்டரில் மாட்டி வைத்திருந்தது. மச்சான் இப்போது இல்லை. ஜனக்புரியிலிருந்து சாயங்கால நெரிசலில் சரோஜினி நகருக்கு வந்து, எங்கள் குவார்ட்டர்ஸ் வாசலில் நின்று, "மாப்ள, ஏறுங்க" என்பார். அவ்வளவுதான் அவர் பேச்சு. குடியை விட நினைப்பவர்கள் கூடிப் பேசும் ஒரு கூட்டத்துக்கு வாராவாரம் என்னைக் கொண்டுபோய் விடுவார். நான் உள்ளே, அவர் வெளியே டீக்கடை பெஞ்சில்.

அந்தக் கூட்டத்தைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? என் பக்கத்து நாற்காலியில் ஒரு வங்கி ஊழியர் மாதக்கணக்கில் வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்தார். ஒருநாள் தன் பெயரை மட்டும் சொல்லிவிட்டு அழுதார். அதற்கப்புறம் அவர் குடிக்கவே இல்லை. அவருக்கு அது மருந்து. எனக்கோ மேடை. நான் பிறவி வாயாடி. இந்தியில் வெளுத்துக் கட்டுவேன். "வாஹ் பையா!" என்று கைதட்டுவார்கள். பாதி போதை அதிலேயே ஏறிவிடும். மீதியை, வீட்டுக்கு வந்ததும் "பால் வாங்கிட்டு வரேன்" என்று இறங்கிப்போய் ஏற்றிக்கொள்வேன். அடுத்த வாரம் அங்கே போய், விட்டுவிட்டேன் என்று கூசாமல் பேசுவேன். சீ, என்ன ஜென்மம்!

குடும்பத்தாரும் வரலாம் என்று சொன்ன ஒருநாள், மச்சான் உள்ளே வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். அன்றைக்கு நான் எடுத்துவிட்டது படிக்கட்டுக் கதை. குடித்துவிட்டு மாடிப்படியில் விழுந்து கிடக்கிறேன். பாட்டில் ஒவ்வொரு படியாக உருண்டு போகிறது. அக்கம்பக்கத்துக் கதவெல்லாம் திறக்கிறது. என் மனைவி ஓடிவந்து என் தலையை மடியில் வைத்துக்கொண்டு, வாயில் சர்க்கரையைப் போட்டபடி, "ஷுகர் லோ ஹோ கயா", சர்க்கரை இறங்கிப்போச்சு என்று தன் அரைகுறை இந்தியில் எல்லோரிடமும் கெஞ்சுகிறாள். அவள் குரலில், அவள் உச்சரிப்பில், முந்தானையால் கண்ணைத் துடைப்பதுவரை நடித்துக் காட்டினேன். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். வங்கிக்காரர் மட்டும் தலையைக் குனிந்துகொண்டார். மச்சான் எழுந்து வெளியே போனார்.

வெளியே வந்தபோது வழக்கம்போல ஹெல்மெட்டை நீட்டினார். வீட்டு வாசலில், "இது உங்களுக்கு ஒத்துவரல மாப்ள. நாளைக்கு டாக்டர்கிட்ட போவோம்" என்றார். போனோம். மாத்திரை கொடுத்தார்கள். பேச்செல்லாம் மூடிய அறையில், ஒரே ஓர் ஆலோசகர் முன்னால். அந்த அம்மாள் என் நகைச்சுவைக்குச் சிரிக்கவே இல்லை. நடுவில் சறுக்கினேன். அப்போதும் மறுநாள் சாயங்காலம் ஸ்கூட்டர் வந்து நின்றது. நான் மீண்டது அப்படித்தான்.

"பழைய சாமான் எடுக்கிற கபாடிக்காரன் வந்தா போட்டுடலாமா?" என்று மனைவி ஹெல்மெட்டைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். இத்தனை வருஷம் மறைத்தது போதும் என்று தோன்றியது. "அந்தக் கூட்டத்துல ஒருநாள் உன்னைப் பத்தி..." என்று ஆரம்பித்தேன். ஓர் அறை நிறைய ஆட்களிடம் சொன்னது, இவளிடம் வாயில் வரவில்லை.

"படிக்கட்டுதானே? தெரியும்."

"மச்சான் சொன்னாரா?"

"அண்ணன் எங்க பேசுவார்? நீங்கதான் சொன்னீங்க. அன்னிக்கே, பால் வாங்கப் போறேன்னு போயி குடிச்சிட்டு வந்து, என் முன்னாடியே என்னை மாதிரி நடிச்சுக் காட்டினீங்க."

எனக்கு அது துளிகூட நினைவில்லை.

"கைதட்டச் சொன்னீங்க. தட்டினேன்" என்றாள். ஹெல்மெட்டைத் திரும்பவும் பரணிலேயே வைத்தாள்.